காயாத கையெழுத்து

அவன் காலை ஆறரைக்கு எழுவான். பல் துலக்கிக் குளிப்பான். ஈரத் துண்டைப் பால்கனிக் கம்பியில் நான்கு மூலையும் இழுத்துக் காயப்போடுவான். நின்றபடியே ஒரு தம்ளர் தேநீர் குடிப்பான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நகர மன்றத்துக்குப் போய், இறந்துபோன மனைவியின் கையெழுத்தில் திரண்டு நிற்கும் மையை ஒற்றியெடுப்பான். மூன்று ஒற்றுத்தாள் பிடிக்கும். மழை நாளில் நான்கு. ஒன்பதரைக்கெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருப்பான். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச்சுவரில் இருக்கும் எழுத்து தெரிகிறதா என்று கேட்பது அவன் வேலை.

கல்யாணம் நகர மன்றத்தின் இரண்டாவது மாடியில், குடிநீர் இணைப்புப் பிரிவுக்கும் இறப்புப் பதிவுக்கும் நடுவில் இருந்த அறையில் நடந்தது. பதினோரு நிமிடம் ஆனது. நான்கு நாற்காலி, ஒரு மேசை, ஐந்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம். அவளுக்குச் சாட்சியாகப் பல் மருத்துவமனையில் அவளோடு வேலை பார்த்தவள் வந்தாள். அவனுக்கு ஆள் இல்லை என்பதால் லிஃப்ட் இயக்குபவர் லிஃப்டை நிறுத்திவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். அந்தப் பதினோரு நிமிடமும் குடிநீர் இணைப்புக்கு வந்தவர்கள் படியேறினார்கள். அவளுடைய அம்மா வரவில்லை. கையெழுத்துப் போட்டா கல்யாணமா, வங்கியிலகூடத்தான் போடுறோம் என்று சொல்லி முதல் நாளே போனை அணைத்துவிட்டாள். மணப்பெண்ணுக்கு இடக்கைப் பழக்கம். எழுத எழுத உள்ளங்கை ஓரம் மையை இழுத்துக்கொண்டே போனது. நீலமான கையை அவனுடைய புதுச் சட்டையின் கையில் துடைத்துவிட்டு, இனிமே இதுவும் என்னோடதுதானே என்றாள்.

அவன் கையெழுத்து பேனாவை மூடுவதற்குள் காய்ந்துவிட்டது. அவளுடையது காயவில்லை. முத்திரை குத்தும் எழுத்தரை அலுவலகத்தில் சீல் அக்கா என்பார்கள். அவர் மின்விசிறியைத் திருப்பி வைத்துச் சாயங்காலம்வரை காத்திருந்தார், பிறகு பதிவேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையிலும் இப்போதுதான் எழுதியது போல மினுமினுத்தது. சுண்ணக்கட்டித் தூள் தூவினார்கள், இஸ்திரிப் பெட்டி வைத்தார்கள், மொட்டைமாடி வெயிலில் இரண்டு நாள் காவலோடு கிடத்தினார்கள். மை விற்றவர் வந்து பார்த்துவிட்டு வேறொரு புட்டி கொடுத்துப் போனார். நான்காவது வாரத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. அந்தக் கட்டடத்தில் ஒழுகும் குழாய்களே ஒன்பது. மற்றவர்களின் கல்யாணத்துக்குப் புதுப் பதிவேடு தொடங்கினார்கள். கையெழுத்துக்கு உரியவர்களே அதைப் பராமரிக்க வேண்டும் என்று தம்பதிக்கு ஒரு கடிதம் வந்தது.

அதனால் இருவரும் தினமும் வேலைக்குப் போகும் வழியில் வந்து ஒற்றினார்கள். ஒரு கையெழுத்தக்கூட முடிச்சு வைக்கத் தெரியலையே உனக்கு என்று சீல் அக்கா கேலி செய்வார். “முடிக்கறதுக்கா அக்கா போட்டேன்?” என்பாள் அவள்.

பத்தாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் மட்டும் முன்னால் கிளம்பிப் போய்ப் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவள் தலைக்குள் ஒரு நரம்பு வெடித்தது. அவன் போய்ச் சேர்ந்தபோது பேச்சு இல்லை. மாலைக்குள் மூச்சும் இல்லை. நான்காம் நாள் அவன் இறப்புச் சான்றிதழ் வாங்க நகர மன்றம் போனான். கையில் வாங்குவதற்குள் அதன் மை காய்ந்துவிட்டது. பக்கத்து அறைக்கும் போனான். சீல் அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இனி ஈரம் இருக்காது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இருந்தது. அவன் சட்டைப் பையிலிருந்து ஒற்றுத்தாளை எடுத்தான்.

அடுத்த கோடையில் புதுக் கண்காணிப்பாளர் மாற்றலில் வந்தார். கெட்டவர் இல்லை, விதிப்படி நடப்பவர். மூடாத பதிவேடு தணிக்கைக்குப் போக முடியாது. பழுதான பக்கத்தைக் கிழித்துவிட்டு, இருவரும் நேரில் வந்து புதுப் பக்கத்தில் கையெழுத்திடலாம் என்றார். ஒருவர் வர முடியாதே என்று சீல் அக்கா சொன்னார். அப்படியானால் பதிவு ரத்து, முப்பது நாள் அவகாசம், இரு வீட்டாருக்கும் அறிவிப்புப் போகும் என்றார் அவர். அவன் தலையசைத்துவிட்டு வேலைக்குப் போனான். அன்று கடையில் ஒரு கிழவர் எழுத்து தெரிகிறது என்று நான்கு முறை சொன்ன பிறகும் அவன் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான். பதினோரு நிமிடம் நடந்த கல்யாணம், பத்து மாதம் வாழ்ந்த வாழ்க்கை. அந்தத் தாள் போனால் அவன் யாருக்கும் எதுவும் இல்லை. மனைவியை இழந்தவன்கூட இல்லை.

முப்பதாம் நாள் மாமியார் வந்தாள். சாவு வீட்டில் பார்த்ததோடு சரி. அன்றும் அவனோடு பேசவில்லை. எது என்று கேட்டாள். சீல் அக்கா காட்டினார். ஆள்காட்டி விரலை மகளின் பெயர்மேல் வைத்து எடுத்தாள். விரல் நீலமானது, கையெழுத்து துளியும் குறையவில்லை. கத்தரிக்கோலோடு நின்ற கண்காணிப்பாளரிடம் அந்த விரலை நீட்டினாள்.

“சின்னதுல கரண்டியால அடிச்சுப் பாத்தேன் சார், அந்த இடக்கைய மாத்த முடியல. இதக் கிழிச்சா அவ கல்யாணமாகாமச் செத்தவளாயிடுவா. நான் வந்து பாக்காத கல்யாணம். அதயும் இல்லன்னு ஆக்கிடாதீங்க.”

கண்காணிப்பாளர் விரலைப் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டுப் பொருட்பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி, நாற்காலி நான்கு, கடிகாரம் ஒன்று என்பதற்குக் கீழே, ‘பதிவேடு ஒன்று, திறந்தது, ஈரம்’ என்று எழுதினார். தணிக்கையாளர்கள் வந்து எண்ணிப் பார்த்தார்கள். கணக்குச் சரியாக இருந்தது. அதன்பின் யாரும் கேட்கவில்லை.

படி இறங்கும்போது மாமியார் நடுவில் நின்றாள். “கடைசியா ஏதாவது சொன்னாளா, மாப்பிள்ளை?”

அவள் அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “உங்களத்தான் கேட்டா, அத்தை. அம்மாவப் பாக்கணும்னா” என்றான். அவள் நீல விரலை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி பேருந்து ஏறிப் போனாள்.

சீல் அக்கா ஓய்வு பெற்றார். லிஃப்ட் இரண்டு முறை மாற்றப்பட்டது. இப்போது கணினியில்தான் பதிவு. மேசை மட்டும் ஜன்னலோரம் இருக்கிறது. கல்யாணத்துக்கு வரும் ஜோடிகள், ஒரு ஆள் குனிந்து எதையோ ஒற்றுவதைப் பார்த்துக் கொஞ்சம் ஒதுங்கி வழி விடுகிறார்கள். மாதம் ஒருமுறை மாமியார் வருகிறாள்; அன்றைக்கு அவள் ஒற்றுகிறாள், அவன் தாளை நீட்டுகிறான். அம்மாவைக் கேட்ட கதையை அவள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். அவன் மறுத்ததில்லை.

உண்மையில் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, வாசலில் ஒற்றைக் காலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்து அவள் கடைசியாகச் சொன்னது:

“எத்தனை தடவ சொல்றது? ஈரத் துண்டக் கட்டில்ல போடாத.”