நந்தினி கேட்ட பாடு

நந்தினிக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் பழவேற்காடு முகத்துவாரத்தில் எந்தப் படகின் மோட்டாரும் ஓடக் கூடாது.

பொன்னேரியில் செல்போன் பழுது பார்க்கும் கோட்டைக்குப்பத்துப் பெண் அவள். ஓய்வு நேரத்தில் ஏரியின் ஒலிகளைப் பதிவு செய்து தியான இசை செய்கிறாள். அதில் தாளமும் இல்லை, பாட்டும் இல்லை. சித்தர்கள் சொன்ன 'சும்மா இருத்தல்' காதுக்கு எப்படியிருக்கும் என்பதுதான் அவள் தேடல். சென்னைத் தியான மண்டபம் ஒன்று வெட்டு, ஒட்டு இல்லாத ஒரு மணி நேரப் பதிவு கேட்டிருந்தது. நாளை மாலை கெடு. நாளை காலை, கடல்நீர் ஏரிக்குள் வேகமாக ஏறும் அமாவாசை வெள்ளம்.

வலைக் கழிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கயிற்றை நீர் கடக்கும்போது, கயிற்றின் இரு பக்கமும் மாறி மாறிச் சுழிகள் பிரியும். ஒவ்வொரு சுழியும் கயிற்றைத் தட்டும். ஓட்டம் கூடினால் தட்டலும் விரையும். அது கயிற்றின் முறுக்கோடு பொருந்தும் கணத்தில் கயிறு முழுக்கக் குரலெடுக்கும். அந்தக் குரல்தான் அவளுக்கு வேண்டும்; அமாவாசை வெள்ளத்துக்குத்தான் அவ்வளவு வேகம்.

அன்று மாலை கோட்டைக்குப்பத்தில் மீனவர் கூட்டம். நந்தினி எழுந்து தலைவரைப் பார்த்தாள்.

"பெரியப்பா, நாளைக்குக் காலைல எனக்கு ஒரு மணி நேரம் பாடு வேணும்."

பாடு என்றால் அங்கே முறை: எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டலாம் என்பது. பெண்களுக்கு அது கிடையாது. கூட்டம் சிரித்தது.

"பாடுன்னா பாட்டுப் பாடறதுன்னு நெனச்சுக்கினியா?" என்றான் இளம் மீனவன் பூவரசன்.

"வலை வேணாம் பெரியப்பா, மோட்டார் ஓடாம இருந்தாப் போதும்."

"நாப்பது படகு உனக்கோசரம் நிக்குமா? போம்மா, பேஜார் பண்ணாத" என்றார் தலைவர் திருவேங்கடம்.

அவள் போகவில்லை. நாளைய பாடு ராஜவேலுவுடையது. அவர் காதில் ஹெட்போனை மாட்டினாள். "மாமா, ரெண்டே நிமிஷம். காலைல உங்க கயிறு ஒவ்வொண்ணுலயும் புடிச்சேன்."

ராஜவேலு கண்ணை மூடிக் கேட்டார். நெற்றி சுருங்கியது.

"மத்ததெல்லாம் ஏறுது. மூணாவது கயிறு மட்டும் இன்னா தொளதொளன்னு கீதே? அந்தக் கழி ஆடுது!"

டார்ச்சோடு போய், அரை மணியில் திரும்பினார். "அடியில மண்ணு அரிச்சிருக்கு. தொட்டேன், சாஞ்சிச்சு. நாளைக்கு வலையோட போயிருக்கும். ஆழமா ஊனிட்டு வந்தேன்."

திருவேங்கடம் ஹெட்போனை வாங்கி வெகுநேரம் கேட்டார். "நாளைக்கு அந்த ஒரு மணி நேரம் எவனாச்சும் மோட்டாரைப் போட்டா என்னாண்ட பதில் சொல்லணும்" என்றார்.

மறுநாள் காலை நாற்பது படகுகள் மோட்டாரை அணைத்து நின்றன. ராஜவேலுவின் படகில் நந்தினி. அவள் கயிற்றில் கட்டியிருந்தது கடிகார அலாரத்துக்குள் இருக்கும் சின்னத் தட்டு. அதற்குக் காற்றில் வரும் சத்தம் கேட்காது, கயிற்றை நடுக்குவது மட்டுமே கேட்கும்; நீரை அதிரவைக்கும் மோட்டாரும் அதில் சேரும்.

வெள்ளம் ஏறியது. ஒரு கயிறு முனகியது, அடுத்தது சேர்ந்தது. மூன்றாவதும் சேர்ந்து உயர்ந்தது. தூரத்துப் படகின் பலகையில் காதை வைத்த பூவரசன் துள்ளினான்.

"டேய், கட்டைல கேக்குதுடா! எல்லாரும் காதை வையுங்க!"

படகுக்குப் படகு ஆட்கள் பலகையில் சாய்ந்தார்கள். கத்தினார்கள், விசிலடித்தார்கள்.

"சத்தம் போடாதீங்கடா, கெட்டுப்பூடும்!" என்று ராஜவேலு பதறினார்.

"கத்தட்டும் மாமா! இந்தத் தட்டுக்கு அவங்க சத்தம் கேக்கவே கேக்காது!"

அறுபதாவது நிமிடம் முடிந்ததும் நந்தினி இரு கைகளையும் தூக்கினாள். முகத்துவாரமே ஆர்ப்பரித்தது. ஹெட்போன் மாட்டிய அவள் காதுக்குள் ஏரி மட்டும், எந்த வெட்டும் இல்லாமல், ஒரே குரலாக ஓடிக்கொண்டிருந்தது.