துக்க வீட்டில் எண்ணெய்

தனக்கொடி போட்ட வாய்க்கரிசி கணவனின் உதட்டிலிருந்து சரிந்து மார்பில் சிந்தியது. அவன் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவள் மெல்லத் தளர்த்தினாள்.

"இன்னாடி பண்ற? எல்லாரும் மேலாக்கப் போட்டுட்டுத்தானே போனாங்க?" என்று அதட்டினாள் நாத்தனார் கலியம்மாள்.

"என் கையால கடைசி அரிசி, அக்கா. உள்ள போவட்டும்."

அவள் சொன்ன காரணம் பொய்.

பாகூர் ஏரி வாய்க்காலுக்கு மடை திறக்கப் போன இருசப்பனைக் காலையில் மடைத் தண்ணீரிலிருந்து பிணமாகத் தூக்கி வந்தார்கள். விழுந்ததைப் பார்த்தவர் எவருமில்லை. வலிப்பு என்று சொல்லாதவரும் எவருமில்லை. அவன் தம்பி கண்ணையன் மேரி என்னும் ஊராட்சி அலுவலகத்திலும் அப்படியே சொல்லிச் சாவைப் பதிந்துவிட்டு வந்தான்.

"கரையில நீளமா ஒரு தடம் இழுத்துகினு போயிருந்திச்சு, அண்ணி. வலிப்புல ஒதச்சிருப்பாரு" என்றான்.

தனக்கொடி அதை நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. ஆடி மாதம் முதல் வசம்பைச் சுட்டு, நல்லெண்ணெயில் காய்ச்சி, நாள் தவறாமல் அவனுக்குத் தேய்த்து வந்தவள் அவள். அடிக்கடி அவனை முறித்துப் போட்ட வலிப்பு அதன்பின் எட்டிப் பார்க்கவில்லை. காத்தது வசம்பா, நல்லெண்ணெயா, தேய்த்த கையின் சூடா, வெறும் தற்செயலா? அறிய ஆசைப்பட்டாள். தை மாதத்தில் மகள் ருக்குமணியையும் அதே வலிப்பு கீழே தள்ளியபோது அந்த ஆசை அவசரமாயிற்று. மகளுக்கும் தேய்த்தாள், மகளுக்கும் நின்றது. இன்று காலையிலும் அவன் கிளம்புமுன் இருவருக்கும் தேய்த்திருந்தாள். அப்படியானால் இவன் ஏன் விழுந்தான்?

"அந்த எண்ணச் சட்டியக் குப்பையில கவுத்துடு. காப்பாத்திக் கிழிச்சிது!" என்றாள் கலியம்மாள். "கருமாதி வரைக்கும் இந்த வூட்ல யாரு தலையிலயும் எண்ண படக்கூடாது. புள்ளைக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

எண்ணெய் வீண் என்றால் அந்தக் கட்டளைக்குப் பணிவதில் நட்டமில்லை. வீண் இல்லையென்றால்?

வலிப்பு வந்த ஒவ்வொரு முறையும் இருசப்பன் நாக்கைக் கடித்துக்கொள்வான். அவளுக்குத் தெரிந்து கடிக்காமல் விட்டதே இல்லை. உடைந்துபோன பல்லின் இடைவெளி வழியே அவள் விரலை நுழைத்து நாக்கின் ஓரத்தைத் தடவினாள். பழைய தழும்புகள் காய்த்துக் கிடந்தன. புதுக்காயம் இல்லை. விரலை எடுத்துப் பார்த்தாள். இரத்தக் கறையும் இல்லை.

வலிப்பு வரவில்லை. எண்ணெய் தோற்கவில்லை.

அழ வேண்டிய இடத்தில் அவள் நெஞ்சு ஒரு கணம் துள்ளியது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்து, கடைசியாகக் கும்பிட அவன் பாதங்களைப் பற்றினாள். சேர்த்துக் கட்டிய பெருவிரல்களுக்குக் கீழே கை வழுக்கியது. உச்சிக்குத் தேய்க்கும் எண்ணெயை உள்ளங்காலிலும் அழுத்தித் தேய்ப்பது அவள் வழக்கம். குளிப்பாட்டிய பிறகும் பிசுக்குப் போகவில்லை. குதிகால் வெடிப்பில் கரைக் களிமண் நீளவாக்கில் ஒட்டியிருந்தது.

கண்ணையன் சொன்ன நீளத் தடம் நினைவுக்கு வர, அவள் கைகள் அங்கேயே நின்றன.

"வுடுடி, நேரமாவுது" என்று கலியம்மாள் தோளைப் பிடித்து இழுத்தாள்.

பறை முழங்கப் பாடை போயிற்று. தலை முழுகிய பெண்கள் ஈரக் கூந்தலை விரித்து முற்றத்தில் உட்கார்ந்தார்கள். தனக்கொடி எண்ணெய்ச் சட்டியுடன் வந்து மகளின் பின்னால் அமர்ந்தாள்.

"அடிப்பாவி! பொணம் இன்னும் வேவல! ஊரு இன்னா பேசும்?"

"பேசட்டும், அக்கா. தல முழுவினதுல காலைல தேச்சது போயிடுச்சு. எம்பொண்ணு வுழுந்தா ஊரா வந்து தூக்கும்?"

"யம்மா, அத்த திட்டுது. நாளிக்குத் தேச்சுக்கறேனே?" என்றாள் ருக்குமணி.

"தலையக் குனி."

உச்சியில் வைத்து, நெற்றிப்பொட்டில் வைத்து, பிடரிவரை அழுத்தித் தேய்த்தாள். வசம்பு மணம் முற்றமெங்கும் பரவியது. கலியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தலை முடிந்ததும் ருக்குமணி திரும்பி உட்கார்ந்து, தாயின் மடியில் இரு கால்களையும் நீட்டினாள்.

தனக்கொடி அந்தச் சின்னப் பாதங்களையே பார்த்தாள். பிறகு கையில் மிஞ்சிய எண்ணெயை முந்தானையில் துடைத்தாள். கை காய்ந்த பின்னும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.