வளர்ந்த குழாய்

என் புருஷன் ஜுமாரி இறந்து மூன்று வருடம் ஆகிறது. அதில் கடைசி ஒரு வருடமாக உப்புத் தண்ணீருக்குள் கிடந்தார். நோன்புக்கு முந்தின மாதம் ஊரே மையவாடிக்குப் போய், அவரவர் வீட்டில் இறந்தவர்களின் கபருக்குப் பூப் போடும். போன வருடம் நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று, இதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு கபரின் தலைமாட்டு மீஸான் கல்லைத் தடவிப் பார்த்துப் பூவை விட்டேன். அது மிதந்து யாரோ வீட்டுக் கோழிக்கூண்டில் போய் ஒட்டிக்கொண்டது.

இந்த வருடம் அப்படி நடக்க விடமாட்டேன் என்று தீர்மானித்தேன். எலும்பை எடுத்துத் தெற்கே மேட்டு நிலத்தில் அடக்கிவிட வேண்டும். ஆனால் இறந்தவரின் மூத்த அண்ணன் தலையாட்டாமல் கபரில் மண்வெட்டி படக்கூடாது என்பது எங்கள் பக்கத்து முறை. அந்த அண்ணன் தர்சோனோ. அண்ணன்மாரை நாங்கள் 'காங்' என்று கூப்பிடும் மரியாதைக்கு ஒரு நாளும் தகுதி இல்லாத ஆள். கிணற்றுக் குழாய் இறக்குவது தொழில். ஊரில் பாதிக் குழாய் அவர் இறக்கியதுதான்.

"கடலுக்குச் சுவரு கட்டப் போறாங்க வர்சித்தி. கட்டிட்டா தண்ணி தானா வத்திரும். செத்தவன எதுக்கு அலைக்கழிக்கற?"

"சுவர் கட்டுறேன்னு மூணு ஆட்சியா சொல்றாங்க, காங். அதுவரைக்கும் உங்க தம்பி ஊறிக்கிட்டே கிடக்கட்டுமா?"

"எவனோ வெளிநாட்டுக்காரன் புகை விட்டான், ஐஸ் உருகுது, கடல் ஏறுது. அவன் செஞ்ச பாவத்துக்கு என் தம்பி எலும்பு ஏன் நகரணும்?"

புகை விட்டவன் யார் என்பதில் எனக்கும் சந்தேகம் இருந்தது. டிவியில் கோட்டுப் போட்ட இரண்டு பேர் முக்கால் மணி நேரம் அதைப் பற்றியே சண்டை போட்டார்கள். கடல் ஏறுகிறது என்கிறான் ஒருவன். எல்லாம் புளுகு என்கிறான் மற்றவன். நான் கணுக்கால் தண்ணீரில் நாற்காலி போட்டு, காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு பேரில் ஒருத்தன் காலாவது நனைந்திருக்குமா? எரிச்சலில் அணைத்துவிட்டேன்.

ஊரிலும் அதே கூத்துதான். கடல் ஏறுகிறது என்று ஒரு கட்சி, ஆண்டவன் சோதிக்கிறான் என்று ஒரு கட்சி. என் வாசல் நிலையில் வருடா வருடம் தண்ணீர் ஏறிய உயரத்துக்குக் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். கடல் கட்சிக்கு அதுதான் சாட்சி. தர்சோனோவே ஆட்களைக் கூட்டி வந்து காட்டுவார்.

போன வாரம் தொழுகைக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். செமாராங் நகரத்திலிருந்து ரெத்னோ என்று ஒரு பெண் வந்திருந்தாள், காலேஜில் பாடம் நடத்துகிறவள்.

"ரெண்டும் நடக்குதுங்க. கடல் ஏறுது, அது நிஜம். வருஷத்துக்கு ஒரு அரிசி தடிமன்னு வைங்க. ஆனா இந்தப் பக்கம் தரை இறங்குது, வருஷத்துக்கு ஒரு விரல் நீளம். அடித் தண்ணியை உறிஞ்ச உறிஞ்ச மண்ணு அமுங்குது."

எனக்குக் கோபம்தான் வந்தது. "ரெண்டும்னு சொல்றது தப்பிக்கிற பேச்சு தாயி. எங்க வாசக்காலுல கோடு இருக்கு. கடல் ஏறுறது கண்ணுக்குத் தெரியுது."

"வாசக்கால் எது மேல நிக்குது பாட்டி?"

பாட்டி என்றதற்கே அவளை அறைந்திருப்பேன். ஆனால் கேள்வி உள்ளே போய்த் தைத்துவிட்டது. தண்ணீரை அளக்கிற வாசலே தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தால் கோடு என்ன சொல்லும்?

"தரை எறங்குறதுக்கு அத்தாட்சி காட்டு" என்று தர்சோனோ கத்தினார். கூட்டம் சிரித்தது. அவள் ஏதோ படத்தை விரித்தாள். அதை யாரும் பார்க்கவில்லை, நானும்தான். எனக்கு வீட்டுக் கொல்லைக் குழாய் ஞாபகம் வந்துவிட்டது.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் சேர்ந்து இறக்கிய குழாய் அது. ஆழத்தில் கெட்டி மண்ணைத் தொடுகிற வரைக்கும் இரும்பு போகிறது. மேலே ஒரு முழம் மட்டும் விட்டு, படகுக்கு அடித்த மிச்ச நீலத்தை ஜுமாரி அதற்கு அடித்தார். சில வருடத்தில் அந்தக் குழாய் வளர்ந்தது. சத்தியமாக நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அடியில் இருக்கிற தண்ணீர் முட்டித் தள்ளுகிறது என்று தர்சோனோ விளக்கம் சொன்னார். வாளி வைக்க எட்டவில்லை என்று நான்தான் கூப்பிடுவேன், அவர் ஒரு முழம் அறுத்து, துண்டைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போவார். நான்கு தடவை அறுத்தாயிற்று. ஊரில் எல்லார் வீட்டுக் குழாயும் வளர்ந்தது. ஒருத்தருக்கும் புத்தி வேலை செய்யவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

கூட்டத்திலிருந்து நேராக தர்சோனோ வீட்டுக்கு நடந்தேன். அவர் பின்னாலேயே ஓடி வந்தார். தண்ணீர் படாமலிருக்க அவர் கட்டிலுக்கு நான்கு இரும்புக் கால் வைத்திருந்தார். குனிந்து பார்த்தேன். என் குழாயில் அறுத்த துண்டுகள்தான்: ஒரு கால் நீலம். மற்ற மூன்றும் வண்ணமே கண்டிராத இரும்பு, குழாய் இறக்கிய நாளில் மண்ணுக்குள் இருந்தவை. மூன்று முழம். நான் என் வீட்டுத் தரையை மூன்று தடவை மண் கொட்டி உயர்த்தியிருக்கிறேன், தடவைக்கு ஒரு முழம். இப்போது குனிந்துதான் வாசலுக்குள் நுழைகிறேன்.

"குழாய் வளரல. நாமதான் எறங்குறோம்" என்றேன். "உனக்குத் தெரியுமா தெரியாதா?" முப்பது வருடத்தில் அவரை நீ என்றது அன்றுதான்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "ரெண்டாவது தடவை அறுக்கும்போதே தெரியும்."

"தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தியே, நீயெல்லாம் மனுஷனா? உன் தம்பிய நீயே முக்கியிருக்க. கபர நகர்த்தினா சுவரு கட்டியும் தண்ணி வத்தாது, தரை எறங்குதுன்னு ஆயிரும், எறக்குனது நீன்னு ஊரு சொல்லும். அதுக்குத்தானே பயந்த?"

"ஆமா. ஃபேக்டரிக்காரன் பத்து உறிஞ்சுனா நான் ஒண்ணு. ஆனா ஆமா." அவர் தலை நிமிர்ந்தது. "சரி, நான் சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்ப வர்சித்தி? குழாய மூடியிருப்பியா? உன் பலகாரக் கடை எந்தத் தண்ணியில நடந்துச்சு? வண்டித் தண்ணி கட்டுப்படியாகல, குழாய் வேணும்னு என் தம்பி உயிர வாங்குனது யாரு?"

பாவி, அத்தனையும் உண்மை.

"தோண்டிக்கோ, நான் வரேன்" என்றார்.

மறுநாள் காலை, தண்ணீர் இறங்கிய நேரத்தில் நான்கு பேர் தோண்டினார்கள். தர்சோனோதான் குழிக்குள் இறங்கி எலும்பை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். எல்லாம் கறுத்து, உப்புப் பூத்திருந்தது. புதுக் கபரில் வைக்குமுன் கழுவ வேண்டும்.

"நல்ல தண்ணி எங்க?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஊரில் நல்ல தண்ணீர் இருப்பது ஒரே இடத்தில், தரைக்கு அடியில். வீட்டுக்குப் போனேன். குழாய் மறுபடியும் இடுப்புக்கு வளர்ந்திருந்தது. திறந்தேன். ஜுமாரிக்கு ஏழு வாளி பிடித்தேன். எட்டாவது வாளியை, தோண்டியவர்களுக்குச் சோறு பொங்க எடுத்து வைத்தேன்.