உப்பள முனையில் ஏறும் குரல்

டிரைவர் பாலகுரு பிரேக்கை மிதித்துக் கீழே குதித்து, சக்கரங்களுக்கு அடியில் பதறிப்போய்த் தேடினார். யாரும் இல்லை. "அண்ணே, நில்லுங்கண்ணே!" என்ற பெண்குரல் மட்டும் ரோட்டில் ஓடி வந்து, மூச்சு வாங்கி, திறந்திருந்த கதவு வழியாகப் பள்ளி பஸ்ஸில் ஏறிக்கொண்டது.

பள்ளிக்கூடத்தின் ஒன்பது பஸ்களும் டீசலிலிருந்து மின்சாரத்துக்கு மாறிய முதல் திங்கட்கிழமை அது. புது வண்டிக்குச் சத்தமே கிடையாது. கடைசி சீட்டில் எக்கியார்குப்பம் பிள்ளைகள் கிசுகிசுப்பதுகூட டிரைவருக்குக் கேட்டது. மறுநாளும் காலை எட்டேகாலுக்கு, மரக்காணம் உப்பள முனையில் குரல் ஏறியது. மெக்கானிக் வந்து பேட்டரியைச் சோதித்து, கோளாறு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிறுத்தாமல் போன நாளில், முழு சார்ஜ் இருந்தும் வண்டி நூறடி தள்ளி நின்றுவிட்டது. இரண்டாம் வாரம் பிள்ளைகள் ஒரு ஜன்னலோர சீட்டைக் காலியாக விட்டார்கள். குரல் எட்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தது. டீச்சர் இரண்டு நாள் யோசித்துவிட்டு வருகை போட்டார்.

பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆரோக்கியசெல்விதான் அடையாளம் சொன்னாள். "பொன்னியக்கா பொண்ணு தமிழ்நிலா குரல்ணே இது. பேயின்னு பயந்துக்காதீங்க, அது உசுரோட உப்பு வாரிக்கினு இருக்குது."

பாலகுரு அன்று சாப்பிடவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் எட்டாம் வகுப்பு படித்த தமிழ்நிலா, விடியற்காலையில் அம்மாவோடு உப்பு வாரிவிட்டு அப்படியே பஸ்ஸுக்கு ஓடி வருவாள். பல நாள் பஸ் நிற்காது. பெற்றோர் கூட்டத்தில் பொன்னி எழுந்து காரணம் கேட்டபோது பாலகுரு சொன்னார்: "டீசல் வண்டிம்மா, இன்ஜின் சத்தத்துல கூப்ட்டா எப்டி கேக்கும்? பாப்பா லேட்டா வந்துட்டு உனக்குக் கதை வுடுது." எல்லோரும் சிரித்தார்கள். பொன்னி வீட்டுக்குப் போய், பொய் சொன்னதற்காக மகளை விளக்குமாற்றால் அடித்தாள். அதோடு தமிழ்நிலாவின் படிப்பு நின்றது.

சனிக்கிழமை விடிந்ததும் பாலகுரு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உப்பள வரப்பில் நடந்து போனார். தமிழ்நிலா நிமிராமல் வாரிக்கொண்டிருந்தாள்.

"இன்னா டிரைவரே, இங்கயும் பஸ் வுடப் போறியா?" என்றாள் பொன்னி.

"அன்னிக்கு உன் பொண்ணு பொய் சொல்லலம்மா. கூப்ட்டது தெனமும் கேட்டுச்சு. கண்ணாடியில பார்த்துட்டுதான் போனேன்."

பொன்னி மகளைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். "அப்ப ஏன்யா நிறுத்தல?"

அவர் கையிலிருந்த செருப்பை வரப்பில் வைத்தார்.

"பாப்பா கால் பூரா உப்பா இருந்துச்சு" என்றார். "சாயங்காலம் வண்டிய நான்தான் கழுவணும்."