சொட்டு நிற்கக்கூடாது

மருந்து ஏற ஆரம்பித்து அரை மணி ஆகவில்லை, சுண்டு அலறத் தொடங்கிவிட்டாள். ஐந்து வயதுத் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் வருமென்று பெற்றவளே நினைக்கவில்லை. போர்வை நுனி பட்டாலும் துடித்தாள். "எரியுதும்மா, எடுத்துடும்மா!"

டாக்டர் முன்பே புட்டுப்புட்டு வைத்திருந்தார். "புத்துநோய் செல்லுக்கு மேல சர்க்கரை ஒட்டின ஒரு கொழுப்பு இருக்கு. இந்த ஆன்டிபாடி மருந்து அதை அடையாளம் கண்டு பிடிச்சுக்கும், அப்புறம் உடம்பே அந்த செல்லைக் கொன்னுடும். ஆனா அதே கொழுப்பு நரம்பு மேலயும் இருக்கு. அதையும் பிடிக்கும். உயிர் போற மாதிரி வலிக்கும். அதுக்காக மருந்து தப்புன்னு நினைச்சுடாதீங்க. வேகத்தைக் குறைப்போம், பிடுங்கிப் போட மாட்டோம்." ஆபரேஷன், கீமோ எல்லாம் பார்த்தாகிவிட்டது. மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

பெற்றவள் பஸ் கண்டக்டர்; கேட்டதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். புருஷன் லாரி மெக்கானிக். எஞ்சின் சத்தம் மாறினால் முதலில் அணைத்துவிட வேண்டும், அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

நர்ஸ் வலி மருந்தைக் கூட்டினாள், சொட்டைக் குறைத்தாள். அலறல் அடங்கவில்லை. அவன் எழுந்தான்.

"என் பிள்ளையைக் கொல்றீங்களா?" என்று நர்ஸைச் சுவரோடு சேர்த்து அறைந்தான். அவள் காதோரம் ரத்தம் இறங்கியது. தலையைப் பிடித்துக்கொண்டு ஆட்களைக் கூப்பிட ஓடினாள். அவன் கை குழந்தையின் மார்பில் செருகியிருந்த குழாய்க்குப் போனது.

கண்டக்டர் பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். வாயில் ரத்தம் கரித்தும் விடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கை நீட்டாத மனுஷன், மறுகையால் ஓங்கி ஒரு குத்து விட்டான். உதடு கிழிந்தது. அவள் இரும்பு ஸ்டூலைத் தூக்கி அவன் முழங்காலில் இறக்கினாள். சுருண்டவன் மறுபடி எழப் பார்த்தபோது தோளில் இன்னொன்று.

"கிட்ட வந்தே, மண்டையைப் பொளந்துடுவேன்டா!" அவனை அவள் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

அவன் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். "கல்நெஞ்சுக்காரிடி நீ. அது கத்தறது காதுல விழுதா இல்லையா?"

விழுந்தது. குழாயைப் பிடுங்கிவிட அவள் கையும்தான் பரபரத்தது. அதனாலேயே ஸ்டூலை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

சுண்டு தலையைத் திருப்பினாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

"அப்பா, எழுந்திருப்பா. அம்மாவை அடிச்சுப் போட்டுட்டு இதை எடுத்துடுப்பா."

அம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. பாட்டிலில் மருந்து இன்னும் பாதிகூட இறங்கியிருக்கவில்லை.