முப்பது மணி நேரம்

எட்மண்டுக்கு ஒரு கெட்ட பழக்கம். கிராக்கியின் முகம் வாடுகிற மாதிரி எதையும் சொல்லமாட்டார். தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அவருடைய மெக்கானிக் ஷெட்டில் அதனாலேயே கூட்டம்.

பெரும்பாக்கம் குப்புராஜ் தன் டிராக்டரை அங்கே கொண்டுவந்து விட்டது எழுபத்திரண்டில், ஆடிக் கடைசியில். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. பிஸ்டன் நான்கும் தேய்ந்து, வழியெல்லாம் புகை கக்கிக்கொண்டு வந்தது. ஊரில் ராஜகோபால் புது டிராக்டர் இறக்கிவிட்டான். அம்மன் கோயில் நிலத்தில் முதலில் சேறடித்து முடிக்கிற வண்டிக்குத்தான் அந்த வருஷம் ஊர் உழவு அத்தனையும். இறங்கிய வண்டி நடுவில் நின்றால், வரப்பில் காத்திருக்கும் அடுத்தவன் வண்டி இறங்கிவிடும். ஆறு வருஷமாக அந்த மரியாதை குப்புராஜுடையது.

பழைய அளவிலேயே பிஸ்டன் போதும் என்றுதான் அவன் கேட்டான். எட்மண்ட் விடவில்லை. ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டன், அது ஏறி இறங்குகிற லைனர் குழாயும் அதற்கேற்ற அளவில் போட்டால் வண்டி எருமைக்கடா மாதிரி இழுக்கும் என்று ஆசை காட்டினார். கழற்றிய பழைய பிஸ்டன், லைனர் செட்டைச் சாக்கில் கட்டிக் கொடுத்து, பேரீச்சம்பழத்துக்குப் போடு என்று சிரிக்கவும் செய்தார்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. புதுப் பிஸ்டன் முப்பது மணி நேரமாவது பாரமில்லாமல் ஓடிப் பழக வேண்டும். லாரிக்காரர்களிடம் அவர் இதைச் சொல்வதே கிடையாது. காலி வண்டியை மெதுவாக ஓட்டிப் பழக்க அவர்களுக்கே தெரியும். டிராக்டர் நேராகச் சேற்றில்தான் இறங்கும் என்பது, வண்டியை ஒப்படைக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. மறுநாள் காலை கோயில் உழவு. குப்புராஜின் பூரித்த முகத்தைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. ஒரு நாள் தாங்கிவிடும், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று அனுப்பிவிட்டார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. விடிந்ததும் பஸ் பிடித்துப் போய் வரப்பில் நின்றார்.

வண்டி அருமையாகத்தான் இழுத்தது. ஊரே வாயைப் பிளந்தது. நான்காவது சுற்றில் இஞ்சின் சத்தம் இறுகியது. அது எட்மண்டின் காதுக்கு மட்டும் தெரிகிற இறுக்கம். சும்மா இருந்தால் ஒருவேளை முடித்தும்விடலாம். இல்லையென்றால் பிஸ்டன் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், வண்டி பழைய இரும்பாகிவிடும். அட, இதை நேற்றே சொல்ல இரண்டு நிமிஷம் ஆகியிருக்குமா? பூட்ஸோடு சேற்றில் இறங்கிக் கையை ஆட்டிக்கொண்டே ஓடினார்.

குப்புராஜ் நிறுத்திக் காரணம் கேட்டான். எட்மண்ட் ஒன்று விடாமல் சொன்னார். அதற்குள் வரப்பில் ராஜகோபாலின் வண்டி உறுமத் தொடங்கிவிட்டது.

"நேத்தே தெரியுமாண்ணா உனுக்கு?"

"தெரியும்ப்பா. உன் சந்தோஷத்தைப் பார்த்துட்டு, சொல்ல வாய் வரலை."

குப்புராஜ் கத்தவில்லை. கத்தியிருந்தால் எட்மண்டுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். ஸ்டியரிங்கில் தெறித்திருந்த சேற்றை உள்ளங்கையால் வழித்துக்கொண்டே சொன்னான்.

"சொல்லியிருந்தா ராத்திரியே அந்தப் பழைய செட்டை மாட்டிக்கினு வந்திருப்போம். பொகை அடிச்சிக்கினே போனாலும் முட்சிருக்கும்ணா. சாக்கு வூட்லதான் கீது."

ராஜகோபாலின் வண்டிக்கு வழிவிட்டு அவன் மெதுவாக ஓரங்கட்டினான். பாரம் இல்லாததால் இஞ்சின் கொஞ்சங்கூடத் திணறாமல் ஓடியது. எட்மண்டுக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை.