துணிக்கொடியில் ஓர் அனிமாஃபிலஸ்

"டீச்சர், ஒங்க வார்த்தைய எடுக்குறீங்களா, இல்ல அருவாளால அறுத்து விடவா? என் சேலை காய எடமில்ல" என்று மாடியிலிருந்து வீட்டு ஓனர் மீனம்மாள் சத்தம் போட, "அஞ்சு அசைதானக்கா, ஓரமாத்தான தொங்குது" என்று கீழ்ப்போர்ஷன் சுகுணா டீச்சரும் விடாமல் பதில் கொடுத்தார். கறம்பக்குடியில் அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

மீனம்மாள் சொன்னது பொய்யில்லை. முன்வாசல் துணிக்கொடியில் அ, னி, மா, ஃபி, லஸ் என்று ஐந்தும் ஈரக் கைக்குட்டைகளைப் போல ஆனி மாதத்திலிருந்து தொங்கின. உச்சரிப்பில் மூன்றாவதில்தான் அழுத்தம் என்பதால் அந்த இடத்தில் கொடி தொய்ந்திருந்தது. காற்றால் மகரந்தம் சேரும் செடிகளைக் குறிக்கிற ஆங்கிலச் சொல் அது. முதல் மூன்று அசை கிரேக்கர்களின் காற்று, பின்னிரண்டு அவர்களின் பிரியம். பன்னிரண்டு வருடம் அதை வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர் டீச்சர். இந்த வருடம் தாவரவியலில் ஒருவரும் சேராததால் பள்ளிக்கூடத்தில் அவரை லைப்ரரியில் உட்கார வைத்துவிட்டார்கள். நாக்கு மறந்துவிடக் கூடாதென்று ஒருநாள் அடுப்படியில் சொல்லிப் பார்த்தார். தனியாள் வீடு. நுழைய ஒரு காது கிடைக்காத வார்த்தை ஜன்னல் வழியாக வெளியே போய்க் கொடியில் தொற்றிக்கொண்டது.

ஆவணிக்குள் அது போகாவிட்டால் டீச்சர் போகட்டும் என்றாள் மீனம்மாள். தெருக்காரர்கள் முறைவைத்து வந்து டீச்சர் வாயால் அந்த வார்த்தையைக் காதில் வாங்கினார்கள். காபி குடித்தார்கள், தலையாட்டினார்கள், டீச்சருக்கு நாற்பத்தொன்றாகியும் கல்யாணம் ஏன் கூடிவரவில்லை என்பதையும் அப்படியே விசாரித்துக்கொண்டார்கள். யாராவது ஒருவருக்குள் அது இறங்கிவிடாதா என்று டீச்சரும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வார்த்தை நகரவில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் ரீடிங் எடுக்க வரும் ஆண்டிச்சாமிதான், "இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்றார். அதுவரை ஒருத்தரும் அர்த்தம் விசாரித்திருக்கவில்லை.

"சில பூவுக்கு வாசமும் இருக்காது, கலரும் இருக்காதுங்க. வண்டு எட்டிப் பாக்காது. காத்து வந்தாத்தான் உண்டு."

"வராட்டி?"

"சும்மா நிக்கும்."

ஆண்டிச்சாமி மீட்டரை மறந்து நின்றார். கடைசி இரண்டு அசையும் கொடியைவிட்டு இறங்கி அவருடைய வலது காதுக்குள் போனதை எதிர்மாடியிலிருந்து பார்த்தவர்கள் உண்டு. மற்ற மூன்றுக்கும் அவருக்கு நேரமில்லை; தெருவில் இன்னும் பதினெட்டு வீடு பாக்கி இருந்தது. அடுத்த ரீடிங் சமயத்தில் டீச்சர் தலையில் மல்லிகை வைத்திருந்தார் என்பதையும் தெரு கவனித்தது. வந்தது வேறு ஆள்.

மிச்ச மூன்று அசையின் புண்ணியத்தில், இலைகூட ஆடாத நாளிலும் மீனம்மாளின் சேலை கால்மணி நேரத்தில் காய்ந்தது. வீட்டைக் காலி செய்யும் பேச்சை அவள் பிறகு எடுக்கவேயில்லை. ஆண்டிச்சாமி ஜெகதாப்பட்டினம் பக்கம் மாற்றலாகிப் போய், தையில் மாமன் மகள் செவந்தியைக் கட்டினார். அவர் காதுக்குள் யாரோ பிரியமாகப் பேசுவது போலவே இருக்கிறதாம். சொட்டு மருந்து விட்டும் அந்தப் பேச்சு போகாததால் செவந்தி இப்போது அந்தக் காதுப் பக்கம் உட்காருவதில்லை. டீச்சர் அதே போர்ஷனில்தான் இருக்கிறார். ரீடிங் எடுக்க இப்போது வருவது ஒரு பெண்.